வால்வு சூடாகும் வரை

என் வீட்டுக்கும் ஆம்ப்ளி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கட்டினவன் கஞ்சன். ஒற்றைச் செங்கல் வைத்து எழுப்பியிருக்கிறான். பதினாறு வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். அவர்கள் எப்போது சமைக்கிறார்கள், எப்போது சண்டை போடுகிறார்கள், சண்டைக்குப் பிறகு யார் முதலில் இறங்கி வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக் கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. காது இருந்தது, கேட்டது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்ததால் அவருக்கு ஆம்ப்ளி என்றே பெயராகிவிட்டது. ஐம்பத்தைந்து வயது. மெலிந்த ஆள். பேச்சும் மெலிந்ததுதான். அவர் மனைவி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கும் வேலை. தெருப் பிள்ளைகளுக்கு அவள் பல் அக்கா. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். எனக்குக் கீழ் வரிசையில் இரண்டு போனபோது, "அக்கா, உங்க சிரிப்புக்கு நானே ரெண்டு வச்சுத் தரேன், டாக்டருக்குத் தெரிய வேணாம்" என்றாள். வைத்தும் தந்தாள். இப்போதும் அதில்தான் மெல்லுகிறேன்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள் நான். அடுத்தவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிரிக்காமல் இருக்கப் பழகினவள்.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு வால்வு செட் இருந்தது, பாட்டு கேட்கிற ஆம்ப்ளிஃபயர். கல்யாணமான வருஷம் ஆம்ப்ளி தன் கையால் செய்தது. தேக்குப் பெட்டி, மேலே கம்பி வலை, உள்ளே ஐந்து கண்ணாடி வால்வுகள். போட்டதும் பாட்டு கேட்டால் அவருக்கு ஆகாது. "சூடாகாத வால்வுல பாட்டு கேக்கறது, தூங்கறவனை எழுப்பி வழி கேக்கற மாதிரிக்கா. வழி சொல்வான், தப்பா சொல்வான்" என்பார். ஒரு மணி நேரமாவது எரிய வேண்டும். அதற்கப்புறம்தான் அது வாயைத் திறக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

பல் அக்காவுக்கு வேலை இரண்டு வேளை. காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. ஆம்ப்ளி ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். ஆகவே அவள் நாலே முக்காலுக்குக் கிளம்பும்போது செட்டைப் போட்டுவிட்டுப் போவாள். வருகிறவருக்கு வால்வு சூடாக இருக்க வேண்டும். மற்ற பெண்கள் புருஷனுக்கு டீயைப் பிளாஸ்கில் ஊற்றி வைப்பது போல இவள் இதைச் செய்தாள். தூசி படாமலிருக்க வெள்ளை நூலில் அவளே பின்னிய ஒரு துணி செட்டின் மேல் கிடக்கும். அதை எடுத்து நாலாக மடித்து, நாற்காலிக் கையில் போட்டுவிட்டு சுவிட்சைப் போடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு மெல்லிய முனகல் கேட்கும். அந்த முனகல் கேட்டதும் நான் எழுந்து டீ போடுவேன். என் வீட்டில் கடிகாரம் நின்று நாலு வருஷமாகிறது. அதைச் சரி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நெருப்புப் பிடித்த அன்றைக்கும் நாலே முக்காலுக்கு முனகல் கேட்டது. டீ போட்டேன்.

கோயிலில் பூஜை மணி அடிக்கும் ஆறேகாலுக்கு ஜன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளி வீட்டிலிருந்து கருகல் வாடை வருவது எங்கள் தெருவில் புதிதல்ல. கடையில் முடியாத செட்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஈயம் வைப்பார். ஈயத்தோடு வைக்கும் அந்தப் பசை புகைந்து மூக்கைக் குடையும். வந்த புதிதில் நானே நாலைந்து முறை ஓடிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கையில் சூட்டுக்கோலோடு வந்து, "ஈயம்தான்க்கா" என்று சிரிப்பார். அதற்கப்புறம் தெருவில் யாரும் தட்டுவதில்லை. அன்றைக்கும் நான் ஈயம் என்றுதான் நினைத்தேன். 'இந்த மனுஷனுக்கு வேலையே இல்லை' என்று முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

ஆம்ப்ளி அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. ஒரு மண்டபத்தில் ஸ்பீக்கர் மாட்டப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஏழு மணி தாண்டி பல் அக்காதான் முதலில் வந்தாள். கதவைத் திறந்திருக்கிறாள். ஒரே புகை. வேறு யாராக இருந்தாலும் வெளியே ஓடி வந்திருப்பார்கள். அவள் உள்ளே ஓடினாள். செட்டின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். பிளக் உருகிப் போயிருந்தது, அது வலது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் கத்தியது ஒற்றைச் செங்கலைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் போய் இழுத்து வருவதற்குள் திரைச்சீலை பற்றிவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. முன்னறையும் அதை ஒட்டிய வேலை அறையும் போயின. சமையலறை மட்டும் கரி பூசி நின்றது. ஆம்ப்ளி எட்டரைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பூட்டினார். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, "அவ எங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பிறகு இருவரும் என் முன்னறைக்கு வந்துவிட்டார்கள். நான்தான் கூப்பிட்டேன். என் பரந்த மனசைத் தெரு மெச்சியது. ஜன்னலைச் சாத்தினவள் வேறு என்ன செய்வாள்? "உங்களுக்கு ஒரே சுவராச்சே, வாடை வரலையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது என்று சொல்லி வைத்தேன். நாலைந்து பேரிடம் சொன்னதும் எனக்கே மூக்கு அடைத்தது போலிருந்தது.

அவளுக்கு வலது கை மணிக்கட்டு வரை கட்டு. இடது கையிலும் மூன்று விரலில் கொப்புளம். ஆம்ப்ளி ஊட்டினார். காலையில் பாலில் நனைத்த ரொட்டி, மத்தியானம் காய் போட்டுக் குழைய வேக வைத்த சோறு, ராத்திரி சூப்பு. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஸ்பூனில் எடுத்து, ஊதி, உதட்டோரம் வைத்து, அவள் விழுங்கும் வரைக்கும் காத்திருப்பார். கடைக்குப் போகவில்லை. பார்க்க வந்த பெண்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, நான் செத்தாலும் தண்ணி எடுத்துக் குடுக்காது."

"குடுத்து வச்சவ. வீட்டையே எரிச்சும் ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க அந்த மனுஷன்."

வீட்டையே எரித்தவள் என்று ஆகிவிட்டது. ஆக்கினது அவளே. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், கேட்காமலேயே, "நான்தாங்க. துணியை எடுக்காம சுவிட்ச்சைப் போட்டுட்டேன்" என்று சொன்னாள். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

தெருவில் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது. வெளியே கிளம்பினால் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குகிறார்கள். டீவி, ரேடியோ, ஸ்பீக்கர், செல்போன் சார்ஜர். கோடி வீட்டுக்காரர் பயத்தில் பிரிட்ஜையும் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் வெளியூர் போய் வந்தார். நாற்றம் எட்டு வீட்டுக்கு அடித்தது. வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்போம்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, நீங்க தினமும் கதவைப் பூட்டிட்டுத்தானே கடைக்குப் போவீங்க?"

"ஆமா."

"நேத்து பூட்டினது ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன். "பூட்டாம எங்க போவேன்? பூட்டியிருப்பேன்."

"பூட்டியிருப்பீங்க. பூட்டினது ஞாபகம் இருக்கா?"

இல்லை. சாவியைத் திருப்பினது, இழுத்துப் பார்த்தது, எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"அப்படித்தான்க்கா. துணியை எடுத்து மடிக்கறது கண்ணு முன்னாடி தெரியுது. ஆனா அது எந்த நாள்னு தெரியலை. போன மாசமா, போன வருஷமா. அன்னிக்கு மட்டும் காணோம். அன்னிக்குக் கிளம்பறப்ப ஒரு மேல் செட்டு நினைப்பாவே இருந்தேன். ஒரு பெரியவர், வாய் கோணல், எப்படி வச்சாலும் கடி ஒக்காரலை. அதையே யோசிச்சுக்கிட்டு... எடுக்காமத்தான் போயிருப்பேன்."

"எடுத்திருப்படி. பதினாறு வருஷமா எடுக்கற."

"எடுத்திருந்தா எதுக்கு எரியுது?"

வெங்காயத்தை நறுக்கினேன். அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அவள் ஒரு கிண்ணத்தை முடித்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் வைத்த மிச்சத்தைச் சாப்பிட்ட ஆம்ப்ளியும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நாக்கு மரத்துப் போயிருந்தது.

அவள் மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கும் நேரத்தில் ஆம்ப்ளி எரிந்த வீட்டுக்குப் போவார். சாக்கைத் தரையில் விரித்து, சாம்பலைக் கை கையாக அள்ளிப் போட்டு, விரலால் பரப்பிப் பார்ப்பார். உருகின ஸ்பீக்கர் காந்தம், வால்வின் அடிக்கட்டை, தாங்கிக் கம்பி எல்லாம் ஒரு ஓரமாகச் சேர்ந்திருந்தன. "அப்படி என்ன தேடறீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான்க்கா" என்றார். நகை ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு நாள் தேடினார். ஐந்தாவது நாள் போகவில்லை.

அன்றைக்குத்தான் அவர் சட்டையை ஊற வைக்க எடுத்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டு விரல் நீளம் கூட இல்லாத கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. கண்ணாடி வெடித்துப் புகை மூடியிருந்தது. ஒரு தொப்பியிலிருந்து இன்னொரு தொப்பிக்குச் செம்புக் கம்பி ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது.

எனக்கு மின்சார வேலை தெரியாது. ஆனால் அவர் கடைப் பலகையைப் படித்திருக்கிறேன். படிக்காதவர் அந்த மார்க்கெட்டில் கிடையாது. சிவப்பு எழுத்தில், அவரே எழுதி மாட்டியது: 'ஃபியூசில் கம்பி சுற்றிக் கொண்டுவரும் செட்டுகள் இங்கே பார்க்கப்பட மாட்டாது.' அப்படிக் கொண்டு வந்த ஒரு ஹோட்டல்காரரை, எல்லார் முன்னாலும், "உங்களுக்குப் பாட்டு வேணுமா, பொணம் வேணுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் வாழ்நாளில் குரல் உயர்த்தினது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கிணற்றடிக்கு அவரைக் கூப்பிட்டேன். கையைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஃபியூஸுக்கா."

"கம்பி சுத்தியிருக்கு."

"ஆமா."

"உங்க கடையில போர்டு தொங்குது."

"ஆமாக்கா."

கல்லின் மேல் உட்கார்ந்தார். வெயில் சுள்ளென்று இருந்தது. நகரவில்லை.

"தீப்பிடிக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு லீவு நாள். செட்டைப் போட்டதும் ஃபியூஸ் பட்டுனு போச்சு. வேற ஒண்ணு மாட்டினேன். அதுவும் போச்சு. வீட்ல மூணாவது இல்லை. அன்னிக்கு என்னமோ ஒரு பாட்டு கேக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான்க்கா. வேற காரணம் இல்லை. ஒரு ஒயர்லேர்ந்து ஒரு இழை உருவிச் சுத்தினேன். நாளைக்குக் கடையிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வந்து மாத்திடலாம்னு."

"அப்புறம்?"

"கடையில டப்பா நெறைய இருக்கு. தினமும் அடுத்தவன் செட்டுக்கு எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கடையில இருக்கறப்ப வீட்டு ஞாபகம் வராது. வீட்டுக்கு வந்து உக்காந்ததும் ஞாபகம் வரும். நாளைக்குன்னு நினைப்பேன். அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சுடும்."

"ரெண்டு தடவை போச்சுன்னா உள்ள எதுவோ கெட்டிருக்குன்னு அர்த்தம் இல்லையா?"

"அதைத்தானேக்கா முப்பது வருஷமா ஊருக்குச் சொல்றேன். கெட்டுத்தான் இருந்திருக்கு. அது சொல்லுச்சு. நான் அதோட வாயை அடைச்சுட்டேன். ரெண்டு வாரம் உள்ளுக்குள்ளயே வெந்திருக்கு. நான் பக்கத்துல இருக்கறப்ப எரியலை. நான் வர லேட்டான அன்னிக்கு, ஆள் இல்லாத வீட்ல, ரெண்டரை மணி நேரம்..." நிறுத்தினார். "ட்ரான்ஸ்ஃபார்மர் தார் உருகித் தேக்குல வடிஞ்சிருக்கும்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரில கண்ணைத் திறந்ததும், 'துணியை எடுக்கலைங்க, நான்தான்'னா. எனக்குச் சொல்ல வாய் வரலை. 'விடு, விடு'ன்னேன். அது அவளை மன்னிச்ச மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சதுக்கு அப்புறம் எப்படிக்கா போய்ச் சொல்றது?"

"வாயால சொல்றது."

"கடை போயிடும். கம்பி சுத்தினவன்கிட்ட எவன் செட்டைக் குடுப்பான்? அவ கை வேற இப்படி ஆயிடுச்சு. வலது கையில ரெண்டு விரல் இனிமே மடங்காதுங்கறார் டாக்டர். அவ மெழுகுல பல்லு வைக்க முடியாது. ரெண்டு பேரும் எங்க போறது?"

அவரை நாலு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். 'அவள் தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறாள், உனக்குக் கடையா பெரிசு' என்று கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் ஞாபகம் வந்தது. கண்ணாடிக் குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை ஊற வைத்தேன். அன்று சாயங்காலமும் ஸ்பூனில் ஊதி ஊதி ஊட்டினார். அவள் ஒவ்வொரு வாய்க்கும் ஏதோ தண்டனை வாங்குகிறவள் போல வாயைத் திறந்தாள். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தீயணைப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வறட்டு இருமல்காரர். ஏற்கெனவே ஒரு முறை வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். இப்போது வாக்குமூலத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரருக்கும் அதில் ஒரு நகல் போகவேண்டுமாம். ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டார். குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"மேற்படி தேதியில் மாலை சுமார் நாலே முக்கால் மணிக்கு, ஒலிபெருக்கிக் கருவியை, அதன் மேல் மூடப்பட்டிருந்த துணியை அகற்றாமல், கவனக்குறைவாக இயக்கிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் வேலைக்குச் சென்றேன். அதனால் கருவி அதிகச் சூடடைந்து தீப்பிடித்தது. இதற்கு நானே பொறுப்பு."

அவள் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பது போல ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்குங்க."

"கையெழுத்து போட முடியாது இல்ல? பரவாயில்லை, இடது கை பெருவிரல் போதும். சார், நீங்க கொஞ்சம் பிடிச்சு வைங்க. அவங்களுக்கு வலிக்கும்."

மைப் பெட்டியைத் திறந்து கட்டில் மேல் வைத்தார். இடது கையில் கொப்புளம் வாடி, தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. பெருவிரல் மட்டும் தப்பியிருந்தது. ஆம்ப்ளி அதைத் தன் இரண்டு விரலுக்குள் பிடித்தார். நுணுக்க வேலை செய்து பழகிய கை. பதமாக மையில் ஒற்றினார். விரல் நீலமாயிற்று. காகிதத்துக்கு மேலே கொண்டு வந்தார். அங்கேயே நின்றுவிட்டது.

"இங்கதான் சார், கீழ" என்றார் இருமல்காரர்.

"எழுதினது தப்புங்க."

"எந்த வரி?"

"துணி வரி. பொறுப்பு வரி."

மனைவியின் விரலை விட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்துக் காகிதத்தின் மேலேயே வைத்தார். இருமல்காரர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"யார் சுத்தினது?"

"நான்."

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாள்."

"நீங்க மெக்கானிக் இல்ல?"

"ஆமாங்க."

இருமல்காரர் பேனாவை மூடித் திறந்தார். அவள் நீல விரலை அந்தரத்தில் அப்படியே வைத்திருந்தாள். கட்டில் விரிப்பில் மை படக்கூடாது என்று வைத்திருந்தாளோ என்னவோ.

"அப்ப துணி?" என்றாள்.

இருமல்காரர் ஆம்ப்ளியைப் பார்த்தார்.

"நான் துணியை எடுத்தேனா இல்லையா?"

"தெரியலை" என்றார் ஆம்ப்ளி. "எடுத்திருந்தாலும் எரிஞ்சிருக்கும்."

அவள் அவரைப் பார்க்காமல் இருமல்காரரைப் பார்த்தாள். "நிஜமாங்க?"

"துணி இருந்தா கொஞ்சம் முன்னாடி பத்தியிருக்கும். இல்லாட்டி கொஞ்சம் பின்னாடி. இந்தக் கம்பி இல்லாம இருந்தா ஃபியூஸ் போய் சும்மா அணைஞ்சு கெடந்திருக்கும்மா. பாட்டு வரலைன்னு மட்டும்தான் இவர் கஷ்டப்பட்டிருப்பார்." இருமினார். "ஆனா ஒண்ணு. ஆள் இல்லாத வீட்ல போட்டுட்டுப் போகவே கூடாது. எவ்வளவு நல்ல செட்டா இருந்தாலும் சரி."

"அது நான்தாங்க. அதை எழுதிக்கோங்க" என்றாள். "மத்ததை எடுத்துடுங்க."

இருமல்காரர் புதுக் காகிதம் எடுத்தார். இரண்டு வாக்குமூலம் எழுதினார். ஆம்ப்ளி ஒன்றில் கையெழுத்துப் போட்டார். அவள் இன்னொன்றில் தானே விரலை வைத்தாள். யாரையும் பிடிக்க விடவில்லை. கொஞ்சம் இழுவிவிட்டது. "பரவாயில்லை, ரேகை தெரியுது" என்று சொல்லி அவர் குழாயை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் என்னிடம், "வெந்நீருக்கு நன்றிம்மா" என்றார்.

மணி பன்னிரண்டு இருக்கும். என்ன நடந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சோற்றை இறக்கிக் கிண்ணத்தில் போட்டு எடுத்து வந்தேன். ஆம்ப்ளி வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பூனில் எடுத்தார். ஊதினார். அவள் உதட்டோரம் கொண்டு போனார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"பதினோரு நாள் ஊட்டினீங்க" என்றாள். குரலில் கோபம் கூட இல்லை. "ஒவ்வொரு வாய்க்கும் நினைச்சேன், இப்படி ஒரு மனுஷன் வீட்டை எரிச்சுட்டேனேன்னு."

அவர் தலை நிமிரவில்லை.

"அந்த ஸ்பூனை இங்க குடுங்க."

கொடுத்தார். கிண்ணத்தையும் மடியில் வைத்தார். அவள் இடது கையால் பிடித்தாள். பிடிக்க வரவில்லை, ஸ்பூன் விரலுக்குள் சுற்றிக்கொண்டது. முதல் வாய் முழுதும் சேலையில் கொட்டியது. அவர் துண்டை எடுத்தார்.

"துடைக்க வேணாம்."

துண்டோடு எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் எரிந்த வீட்டின் நிலைக்கதவு கரியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாரா, பார்க்காமல் இருந்தாரா என்று அவர் முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதியைக் கொட்டி, பாதியை வாய்க்குள் சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் ஸ்பூனைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கோணல் வாய்க்குப் பல் வைக்கிறவள் அல்லவா, எப்படிப் பிடித்தால் ஒக்காரும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாய் முடிந்ததும் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு உங்களுக்கு வாசனை வரலையா?"

ஜலதோஷம் நாக்கு நுனி வரை வந்தது.

"வந்துச்சு" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஆறேகாலுக்கு. அவர் ஈயம் வைக்கறார்னு நினைச்சேன். ஜன்னலைச் சாத்திட்டேன்."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். ஆறேகாலுக்கும் ஏழுக்கும் நடுவில் எவ்வளவு என்று அவள் மனசுக்குள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு மடியில் கிடந்த வலது கையை, அந்தக் கட்டை, கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போக அவளுக்கு வீடு இல்லை. கிண்ணத்தை விட்டெறிந்தாலும் எனக்குச் சரிதான் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஸ்பூனை எடுத்து இன்னொரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுல உப்பே இல்லையேக்கா."

எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டு வந்தேன். போடட்டுமா என்று கேட்கவில்லை. ஜாடியை அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்து, மூடியை மட்டும் திறந்தேன். அவள் இடது கையை உள்ளே விட்டு, நீல மை போகாத பெருவிரலால் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.